இறுதிக் காலத் துணை: நம் உரிமையும் நம் கடமையும்

(ஏரியூரில் நடைபெற்ற கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

நம் கல்விக் கழகம் 25 ஆண்டுகளை நிறைவு செய்திருக்கிறது. ஒரு திண்ணையில், ஒரு கரும்பலகையுடன் இரவுப் பள்ளியாகத் தொடங்கிய இக்கழகம் இன்று வெள்ளி விழாக் காண்கிறது என்றால், அதற்குப் பின்னே பலருடைய உழைப்பும் கண்ணீரும் இருக்கின்றன. இத்தகைய விழாக்களில் எத்தனை பேர் பட்டம் பெற்றனர், எத்தனை பேர் அரசுப் பணியில் அமர்ந்தனர் என்று கணக்கெடுத்துச் சொல்வது வழக்கம். அக்கணக்கை மற்றவர்கள் சொல்வார்கள். நாங்கள் எடுத்துக்கொண்டுள்ள பொருள், நோய்ப்படுக்கையில் கிடக்கும் நம் மக்களை வீடு தேடி வந்து பேணும் பொதுப் பணியைப் பற்றியது. நோயை நீக்க மருந்து இல்லாமற் போகலாம். அதற்காக நோயாளியைக் கைவிட எவருக்கும் உரிமை இல்லை என்பதே எங்கள் உரையின் சாரம்.

கல்விக் கழகத்தின் மேடையில் சாவைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். நல்ல நாளில் இந்தப் பேச்சு ஏன் என்று முதியோர் முகஞ்சுளிக்கவும் கூடும். அவர்களுக்கான விடையை ஒரு நிகழ்ச்சியின் வாயிலாகவே சொல்ல விரும்புகிறோம்.

வருகைப் பதிவேடு சொல்லாத செய்தி

2021ஆம் ஆண்டுக்கு முன்பு நடந்தது இது. நம் மாலை வகுப்பில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி படித்து வந்தாள். தாயும் தந்தையும் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருந்தனர். வீட்டில் அவளும் அவளுடைய தாத்தாவும் மட்டுமே. ஒரு நாள் அவள் வகுப்புக்கு வரவில்லை. மறு வாரமும் வரவில்லை. நாம் வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று ஒழுங்காக எழுதி வந்தோம். ஏன் வரவில்லை என்று கேட்கத் தவறினோம்.

தாத்தாவுக்கு வாயில் புற்றுநோய். தொலைவில் உள்ள பெரிய மருத்துவமனை ஒன்றில் மருத்துவம் பார்த்தார்கள். பின்னர், "இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள்" என்று சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த பின் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. கன்னத்தில் துளை விழுந்தது, புண் நாறியது, உறவினர் வாசற்படியோடு நின்று நலம் கேட்டுத் திரும்பினர். அந்தச் சிறுமி வெந்நீரும் பழந்துணியும் கொண்டு புண்ணைத் துடைத்தாள், கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினாள், மலசலம் எடுத்தாள். இரவெல்லாம் அம்முதியவரின் முனகல் தெருவுக்கே கேட்டது. நாமும் கேட்டோம். கேட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உறங்கினோம்.

மூன்று மாதங்களுக்குப் பின் அவர் இறந்தார். அன்று ஊரே திரண்டது. பந்தல் போட்டோம், மாலை வாங்கினோம், பறை முழங்கியது, செலவுக்குப் பணம் சேர்த்துக் கொடுத்தோம். அந்த மாணவி அவ்வாண்டு தேர்வு எழுதவில்லை. மறு ஆண்டும் எழுதவில்லை. இன்று அவளும் ஒரு கட்டடத்தில் மண் சுமக்கிறாள்.

அன்பர்களே! இறந்தவருக்கு ஒரே நாளில் திரட்டிய ஆள்பலத்திலும் பொருள்பலத்திலும் பத்தில் ஒரு பங்கை அவர் உயிரோடிருந்த மூன்று மாதங்களில் திரட்டியிருந்தால், அவர் வலியின்றி உறங்கியிருப்பார், அவள் படித்திருப்பாள். வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் முதலில் மூடப்படுவது பெண் பிள்ளையின் புத்தகம். ஆதலால்தான் இது கல்விக் கழகத்தின் மேடையில் பேசப்பட வேண்டிய பொருள் என்கிறோம்.

சாவுக்குப் பின் அழைக்கப்பட்டவர்கள்

நம் முன்னோரைச் சாவோடு பிணைத்து வைத்தது இந்நாட்டுச் சாதி அமைப்பு. மேல்தெருவில் ஒருவர் இறந்தால் இழவுச் சேதி சொல்ல ஓடியவர் நம் பாட்டனார். பறையடித்தவர் நம் மாமனார். குழி வெட்டியவர் நம் அண்ணன். கூலியோ ஒரு படி தானியம். ஊராருடைய சாவுக்கெல்லாம் முதல் ஆளாய் நின்ற இம்மக்கள் தம் வீட்டில் ஒருவர் சாகக் கிடந்தபோது யாருடைய துணையும் இன்றித் தவித்தனர். வைத்தியர் சேரிக்குள் வரமாட்டார். வந்தாலும் தொட்டு நாடி பார்க்கமாட்டார். தொடாமலே செய்யக்கூடிய மருத்துவம் உலகில் உண்டா? நோயாளியைப் பேணுதல் என்பதன் முதற்பொருளே தொடுதல் அன்றோ?

நாம் வாழும் இம்மண் பண்டைத் தகடூர். தன்னை நெடுநாள் வாழ்விக்கக்கூடிய அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்த அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட நாடு. போரில் மடிந்த வீரர்க்கு நட்ட நடுகற்கள் இம்மாவட்டமெங்கும் இன்றும் நிற்கின்றன. வாழ்நாளை நீட்டும் கனியைப் பகிர்ந்ததும் இம்மண். இறந்தோர்க்குக் கல் நட்டதும் இம்மண். இவ்விரண்டுக்கும் இடையே, பிழைக்கவும் மாட்டாமல் இறக்கவும் மாட்டாமல் படுக்கையில் கிடப்பவருக்கு நாம் செய்வது என்ன என்பதே இன்றைய வினா.

இன்றைய அரசுகளின் ஏற்பாட்டிலும் இக்குறையின் நிழலைக் காணலாம். 2008ஆம் ஆண்டு தமிழகத்திற்கு வந்த 108 ஊர்தி, உயிருக்கு ஆபத்தானவரை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்கிறது. அரசு மருத்துவமனையில் இறந்தவரின் உடலை வீடு சேர்க்க இலவச அமரர் ஊர்தியும் உண்டு. இரண்டும் பாராட்டத்தக்க பணிகளே. ஆனால் மருத்துவமனையிலிருந்து உயிரோடு திரும்பி, மாதக்கணக்கில் கயிற்றுக் கட்டிலில் கிடப்பவரை நோக்கி வரும் வண்டி எது?

நோய் ஆதரவுச் சிகிச்சை என்பது யாது?

தீராத நோயுற்றவரின் வலியையும் பிற துன்பங்களையும் குறைத்து, அவரும் அவர் குடும்பத்தாரும் இயன்ற வரை நல்வாழ்வு வாழத் துணைநிற்கும் மருத்துவமே நோய் ஆதரவுச் சிகிச்சையாகும். சாகும் தறுவாயில் மட்டும் செய்வது என்று இதனைக் கருதுதல் பிழை. நோய் இன்னதென்று தெரிந்த நாளிலிருந்தே பிற மருத்துவத்தோடு சேர்த்துச் செய்ய வேண்டியது இது.

இங்கிலாந்து நாட்டில் சிசிலி சாண்டர்ஸ் என்னும் அம்மையார் 1967ஆம் ஆண்டு இலண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கினார். அவர் முதலில் செவிலியர், பின்னர் சமூகப் பணியாளர், அதன்பின் மருத்துவர். நோயாளியின் வலி உடலில் மட்டும் இல்லை. மனத்திலும், குடும்பத்திலும், வாழ்வின் பொருளைத் தேடும் உள்ளத்திலும் இருக்கிறது. அவை அனைத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று அவர் எடுத்துரைத்தார். நம் மக்களைப் பொறுத்தவரை இப்பட்டியலில் கந்துவட்டிக் கடனையும், சாதி இழிவையும், நின்றுபோன நாட்கூலியையும் சேர்க்க வேண்டும். அவையும் வலிகளே.

உலகில் ஆண்டுதோறும் 5 கோடியே 68 இலட்சம் பேருக்கு இத்தகைய சிகிச்சை தேவைப்படுகிறது என்றும், அவர்களுள் ஏறத்தாழ 14 விழுக்காட்டினரே அதனைப் பெறுகின்றனர் என்றும் உலக நலவாழ்வு அமைப்பு மதிப்பிட்டுள்ளது. தேவையுள்ளோருள் பெரும்பாலோர் ஏழை நாடுகளிலும் நடுத்தர வருவாய் நாடுகளிலும் வாழ்கின்றனர். அதாவது, துன்பம் மிகுந்த இடத்தில் துணை குறைவு. நாடுகளுக்கிடையே உள்ள இதே நீதியின்மை ஊருக்கும் சேரிக்கும் இடையேயும் நிலவுகிறது.

யாருக்கு இத்துணை வேண்டும்? புற்றுநோயாளிக்கு மட்டுமன்று. பக்கவாதத்தால் ஒரு பக்கம் விழுந்தவர், சிறுநீரகம் செயலிழந்தவர், மரத்திலிருந்தோ சாரத்திலிருந்தோ விழுந்து முதுகெலும்பு முறிந்தவர், மூளை வளர்ச்சி குன்றிய குழந்தை, தள்ளாமையால் எழ இயலாதவர் ஆகிய அனைவருக்கும் வேண்டும். நம் மாவட்டத்துக்கென்று தனிக் காரணம் ஒன்றும் உண்டு. நிலத்தடி நீரில் மிகுந்துள்ள புளோரைடு எலும்பில் படிந்து பலருடைய மூட்டுகளை இறுக்கியும் முதுகை வளைத்தும் விட்டது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ஆம் ஆண்டு செயலுக்கு வந்தது. புதிய தலைமுறைக்கு நல்ல நீர் கிடைத்தாலும், பழைய நீரைக் குடித்து வளைந்த முதுகுகள் நிமிரப்போவதில்லை. அவர்களைப் பேணும் கடன் இன்னும் தீரவில்லை.

முதியோர் தொகையும் பெருகி வருகிறது. 2011ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தோர் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல். இந்திய அளவில் இது ஒன்பதைக்கூட எட்டவில்லை. நம் ஊர்ப் பக்கத்து இளைஞர்களோ பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கோவைக்கும் பிழைப்புத் தேடிப் போய்விட்டனர். கூட்டுக் குடும்பம் பார்த்துக்கொள்ளும் என்ற பழைய நம்பிக்கையை வைத்துக்கொண்டு இனியும் காலந்தள்ள இயலாது.

அண்டை மாநிலம் காட்டிய வழி

கேரள மாநிலத்தில் 1993ஆம் ஆண்டு கோழிக்கோட்டு மருத்துவக் கல்லூரியைச் சார்ந்து, மருத்துவர் எம். ஆர். இராஜகோபாலும் மருத்துவர் சுரேஷ் குமாரும் அவர்களுடைய நண்பர்களும் வலிதணிப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். நோயாளிகள் தொலைவிலிருந்து வர இயலாது தவிப்பதைக் கண்டு, மருத்துவமே வீட்டுக்குச் செல்ல வேண்டும் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர். மலப்புரம் முதலிய இடங்களில் ஊர் மக்களே குழுக்களாய் அமைந்தனர். ஆசிரியர், கடைக்காரர், ஓட்டுநர், மாணவர் என்று பலதரப்பட்டோரும் பயிற்சி பெற்றுத் தம் தெருவில் உள்ள நோயாளியைப் பார்த்துக்கொண்டனர். சிறுகச் சிறுகச் சேர்த்த நன்கொடையே அவர்களுக்கு முதல்.

2008ஆம் ஆண்டு கேரள அரசு நோய் ஆதரவுச் சிகிச்சைக்கெனக் கொள்கை அறிக்கை ஒன்றை வெளியிட்டது. இந்திய மாநிலங்களுள் அதுவே முதன்மையானது. ஊராட்சிகள் தம் நிதியிலிருந்து செவிலியரை அமர்த்தி வீடு வீடாக அனுப்பும் முறை அதன் வழியாகப் பரவியது. இதில் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. அரசு வரட்டும் என்று மக்கள் காத்திருக்கவில்லை. மக்கள் செய்கிறார்களே என்று அரசும் விலகிக்கொள்ளவில்லை. மக்கள் தொடங்கினர், அரசு பொறுப்பேற்றது, இருவரும் சேர்ந்து நடத்தினர்.

நம் மாநிலத்தில் தொடங்கிய பணி

தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள், அன்றைய முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அவர்களால் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டம் கிருட்டிணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கி வைக்கப்பட்டது. 2004ஆம் ஆண்டு வரை கிருட்டிணகிரி நம் தருமபுரி மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது என்பதை இளைஞர்கள் அறிவீர்கள். ஆகவே இத்திட்டம் நம் அண்டை வீட்டில் பிறந்த பிள்ளை. இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளை மகளிர் தன்னார்வலர் வீட்டிலேயே கொண்டுவந்து கொடுப்பது, இயன்முறை மருத்துவர் வீட்டுக்கு வந்து கைகால் பயிற்சி அளிப்பது, செவிலியர் வந்து படுக்கையில் உள்ளவரைக் கவனிப்பது ஆகியவை இதன் கூறுகள். 2024ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அவையின் பணிக்குழு ஒன்று இத்திட்டத்துக்கு விருது வழங்கியது.

நம் தெருவிலும் இதன் பயனைக் கண்டோம். பக்கவாதத்தால் படுத்த ஒரு தாயின் வீட்டுக்குச் செவிலியர் வந்தார். கட்டிலருகே தரையில் அமர்ந்தார். தம் கையாலேயே அவ்வம்மையைப் புரட்டி, முதுகில் தோன்றிய படுக்கைப் புண்ணைக் கழுவி மருந்திட்டார். இரண்டு மணிக்கொரு முறை எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது, குதிகாலுக்கு அடியில் துணியை எப்படி மடித்து வைப்பது, விக்கலும் புரையேறலும் இன்றி எப்படிச் சாய்த்து ஊட்டுவது என்று மருமகளுக்குக் கற்றுக் கொடுத்தார். போகும்போது அந்த வீட்டுத் தண்ணீரை வாங்கிக் குடித்தார். அந்தத் தாய் அன்று நெடுநேரம் அழுதார். புண்ணின் வலியால் அன்று. "வீட்டுக்குள் வந்து தொட்டார்களே" என்ற நிறைவால்.

எனினும் குறைகளை எடுத்துச் சொல்லாமல் விடுவது கடமை தவறுவதாகும். ஒரு வட்டாரத்துக்கு ஒரு நோய் ஆதரவுச் செவிலியர், ஓர் இயன்முறை மருத்துவர் என்ற அளவிலேயே இப்பணி அமைக்கப்பட்டது. மலையும் காடும் மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பும் சூழ்ந்த நம் பகுதியில், நாகமரை, ஒட்டனூர் போன்ற கரையோர ஊர்கள் வரையிலும் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களுக்கெல்லாம் ஒரு செவிலியர் எத்தனை முறை வர இயலும்? புண்ணுக்கு நாள்தோறும் மருந்திட வேண்டும்; செவிலியரின் வருகையோ எப்போதாவது ஒரு முறை. வலி பெரும்பாலும் நள்ளிரவில்தான் மிகுகிறது. அந்நேரத்தில் கேட்க ஆளில்லை. மாத்திரை கொண்டுவரும் மகளிர் தன்னார்வலர் பெறுவதோ சிறு ஊக்கத்தொகை. பெண்ணின் உழைப்பை மலிவாகக் கொள்ளும் பழக்கம் பொதுப்பணியிலும் தொடரலாகாது.

வலிக்கு மருந்து உண்டு

புற்றுநோயின் கடும் வலியைத் தணிக்கும் முதன்மையான மருந்து மார்பின். இது அபினியிலிருந்து எடுக்கப்படுவது. மருத்துவத் தேவைக்கென அபினியை அரசின் உரிமத்துடன் பயிரிடும் நாடுகளுள் இந்தியா முக்கியமானது. மத்தியப் பிரதேசம், இராசத்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அது விளைகிறது. உலக நோயாளிகளின் வலியைத் தணிக்கும் பொருளை விளைவித்த நாட்டிலேயே ஏழை நோயாளி மாத்திரையின்றித் துடித்தான் என்பது வரலாறு. 1985ஆம் ஆண்டின் போதைப் பொருள் தடுப்புச் சட்டம் விதித்த கடும் விதிகளால் மருத்துவமனைகள் இம்மருந்தை வைத்திருக்கவே அஞ்சின. 2014ஆம் ஆண்டு அச்சட்டம் திருத்தப்பட்டு, இன்றியமையாத வலி மருந்துகளுக்கு நாடெங்கும் ஒரே சீரான விதிகள் வந்தன. சட்டத்தின் தடை தளர்ந்தது. பழகிப்போன அச்சமும் பயிற்சிக் குறைவும் இன்னும் முழுதும் நீங்கவில்லை.

மார்பின் கொடுத்தால் அடிமையாகிவிடுவார், விரைவில் இறந்துவிடுவார் என்ற தவறான எண்ணம் நம்மவரிடையே உண்டு. தேர்ந்த மருத்துவரின் மேற்பார்வையில் தக்க அளவில் கொடுக்கும்போது இவ்வச்சங்களுக்கு இடமில்லை. மலச்சிக்கல் உண்டாகும், அதற்கும் உடன் மருந்து உண்டு. வாய்ப்புண்ணின் நாற்றத்தைக்கூட, மருத்துவர் சொல்படி மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவிக் குறைக்கலாம். இந்த ஒரு சிறு செய்தி அன்று நமக்குத் தெரிந்திருந்தால், அம்முதியவரின் உறவினர் வாசற்படியோடு நின்றிருக்கமாட்டார்கள். அறியாமை எத்தனை பெரிய கொடுமை என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் நமக்குக் கற்பிக்கவில்லை.

இது கருணையா, உரிமையா?

அண்ணல் அம்பேத்கர் தலைமையிலான குழு வரைந்து தந்த அரசியலமைப்பின் 41ஆம் உறுப்பு, முதுமை, நோய், உடல் ஊனம் ஆகிய நிலைகளில் பொது உதவி பெறும் உரிமையை உறுதிசெய்ய அரசு முயல வேண்டும் என்கிறது. 47ஆம் உறுப்பு பொது நலவாழ்வை மேம்படுத்துவதை அரசின் முதன்மைக் கடமைகளுள் வைக்கிறது. இவை வழிகாட்டு நெறிகள். நேரே நீதிமன்றத்தில் வழக்காடிப் பெற இயலாதவை. எனினும் ஆட்சிக்கு அடிப்படையானவை என்று அரசியலமைப்பே கூறுகிறது. 21ஆம் உறுப்பு அளிக்கும் வாழும் உரிமையில் மாண்புடன் இறக்கும் உரிமையும் அடங்கும் என்று 2018ஆம் ஆண்டு மார்ச்சு 9ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மீள வழியில்லாத நிலையில் தனக்கு எத்தகைய மருத்துவம் வேண்டும், எது வேண்டாம் என்பதை ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். அதற்கான நடைமுறையை 2023ஆம் ஆண்டு சனவரியில் அந்நீதிமன்றமே எளிதாக்கியது.

இங்கே நாம் விழிப்போடு இருத்தல் வேண்டும். பணம் படைத்தவருக்கு மாண்புடன் இறத்தல் என்பது, தேவையற்ற கருவிகளை அகற்றச் சொல்லும் உரிமை. நம் மக்களுக்கோ எந்தக் கருவியும் எட்டியதே இல்லை. ஏழைக்கு மாண்பான இறப்பு என்பது வலிக்கு மாத்திரையும், புண்ணுக்கு மருந்தும், தூய படுக்கையும், பக்கத்தில் ஓர் ஆளும் கிடைப்பதே ஆகும். இவற்றைத் தராமல் மாண்பைப் பற்றி மட்டும் பேசுவது வெறும் சொல்.

நடுவணரசு 2012ஆம் ஆண்டு தேசிய நோய் ஆதரவுச் சிகிச்சைத் திட்டத்தை வகுத்தது. 2017ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வுக் கொள்கையும் இதனை அடிப்படை மருத்துவத்தின் பகுதியாக ஏற்றது. ஆகவே நாம் கேட்பது புதிய சலுகை அன்று. ஏட்டில் எழுதியதை வீட்டில் காட்டுங்கள் என்பதே நம் கோரிக்கை. அவற்றை இங்கே வரிசைப்படுத்துகிறோம்.

முதலாவது, வட்டாரத்துக்கு ஒரு செவிலியர் போதாது. ஆரம்ப சுகாதார நிலையந்தோறும் பயிற்சி பெற்ற நோய் ஆதரவுச் செவிலியர் வேண்டும்.

இரண்டாவது, வட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளில் மார்பின் மாத்திரை தட்டின்றிக் கிடைக்க வேண்டும்.

மூன்றாவது, பெரிய மருத்துவமனை ஒரு நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் அன்றே அவர் ஊரின் சுகாதார நிலையத்துக்குச் செய்தி போக வேண்டும்.

நான்காவது, இரவிலும் ஆலோசனை கேட்கத்தக்க ஏற்பாடு வேண்டும்.

ஐந்தாவது, தன்னார்வலர் என்னும் பெயரால் உழைக்கும் பெண்களுக்கு வாழத்தக்க ஊதியம் வேண்டும்.

ஆறாவது, நோயாளியைப் பேணுவதற்காகப் பள்ளியை விட்ட பிள்ளைகளைக் கண்டறிந்து மீண்டும் சேர்க்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டுவன

அரசைக் கேட்கும் நாம் நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பௌத்த விநய நூலில் ஒரு வரலாறு உண்டு. வயிற்றுப்போக்கால் நலிந்த பிக்கு ஒருவர் தம் கழிவிலேயே கிடந்தார். மற்ற பிக்குகள் அவரைக் கவனிக்கவில்லை. அவ்வழி வந்த புத்தர், ஆனந்தரைத் தண்ணீர் கொண்டுவரச் செய்து, தாமே நீர் வார்த்து, இருவருமாய் அவரைக் கழுவித் தூக்கிப் படுக்கையில் கிடத்தினர். பின்னர்ப் பிக்குகளை அழைத்து, தாய் தந்தையரை விட்டு வந்த நீங்கள் ஒருவரையொருவர் பேணாவிட்டால் வேறு யார் பேணுவார் என்று கேட்டார். தம்மைப் பேண விரும்புவோர் நோயாளியைப் பேணட்டும் என்றும் அறிவுறுத்தினார். அந்தக் கேள்வி இன்று நம்மை நோக்கிக் கேட்கப்படுவதாகவே கொள்வோம்.

நம் முன்னோடி அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவராய் விளங்கியவர். தாம்பரத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மருத்துவ அறிவு நம் மரபுக்குப் புதிதன்று. அண்ணல் அம்பேத்கரும் தம் இறுதி ஆண்டுகளில் நீரிழிவாலும் கால்வலியாலும் பெரிதும் துன்புற்றார். மருத்துவரான அவருடைய துணைவியார் அருகிருந்து பேணினார். அந்நிலையிலும் அவர் எழுதி முடித்த 'புத்தரும் அவர் தம்மமும்' 1956 டிசம்பர் 6ஆம் நாள் அவர் மறைந்த பின் வெளிவந்தது. பேணுவார் இருந்தால் இறுதி நாள்களும் பயனுடைய நாள்களாகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆகவே இளைஞர்களே, இவ்வெள்ளி விழா ஆண்டில் நான்கு பணிகளை உங்கள் முன் வைக்கிறோம். ஒவ்வொரு தெருவிலும் படுக்கையில் உள்ளோர் யார் யார் என்று ஒரு குறிப்பேடு எழுதுங்கள். சாதி பாராது, நம் தெரு, அடுத்த தெரு என்ற வேறுபாடும் பாராது எழுதுங்கள். அக்குறிப்பேட்டைச் சுகாதார நிலையத்தில் கொடுத்து, செவிலியர் வரும் நாளைக் கேட்டறிந்து வாருங்கள். புரட்டிப் படுக்க வைத்தல், புண் கழுவுதல், வாய் தூய்மை செய்தல், ஊட்டுதல் ஆகியவற்றைச் செவிலியரிடம் முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். ஆண் பிள்ளைகள் முதலில் கற்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறோம். நோயாளி உள்ள வீட்டுப் பிள்ளை வகுப்புக்கு வரும் இரண்டு மணி நேரம் உங்களுள் ஒருவர் அக்கட்டிலருகே அமர்ந்திருங்கள். மருந்தும் ஊசியும் மருத்துவர், செவிலியர் பொறுப்பு. அருகிருத்தல் நம் பொறுப்பு.

நம் மாணவிகளுள் செவிலியர் படிப்பை விரும்புவோருக்கும், 2008ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரியில் இடம்பெற முயல்வோருக்கும் கழகம் துணைநிற்க வேண்டும் என்று உறுப்பினர்களை வேண்டுகிறோம். சேரிக்குள் தயங்கி வரும் மருத்துவத்துக்குக் காத்திருந்த காலம் போய், சேரியிலிருந்தே மருத்துவம் புறப்பட்டு எல்லாத் தெருவுக்கும் செல்லும் காலம் வரவேண்டும்.

இறுதியாக ஒன்று. நம் வருகைப் பதிவேட்டில் இனி 'வரவில்லை' என்ற சொல்லுக்கு அருகே 'ஏன்' என்று ஒரு கட்டம் இருக்கட்டும். அந்தக் கட்டத்தை நிரப்ப ஒருவர் அன்று மாலையே அவ்வீட்டுக்குச் செல்லட்டும். 25 ஆண்டுகளில் எழுத்தறிவித்த கழகம், இனிவரும் ஆண்டுகளில் எவரும் கேட்பாரற்றுச் சாகாத தெருக்களை உருவாக்கட்டும். அன்று நாம் தவறவிட்ட அந்த மாணவிக்கு நாம் செலுத்தக்கூடிய கடன் அதுவே.

கழகம் வளர்க! ஒற்றுமை ஓங்குக!